படகில் ஏறினால் கேம் முடிந்துவிடும்

1

வீட்டில் கூப்பிடும் பெயர் கொசு. வயது இருபத்தாறு. இருப்பிடம் வெளிநாட்டில் ஒரு தொழிலாளர் விடுதி, மூன்றாவது மாடி, கடைசி அறை, மேல்கட்டில். எழுந்து உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். ஆகவே இந்தக் கதை முழுவதும் மல்லாக்கப் படுத்துக்கொண்டே சொல்லப்படுகிறது.

சொல்லப்படுகிறது என்றால் நிஜமாகவே வாயால்தான். ஓட்டல் சலவைக் கூடத்தில் நாள் முழுக்க ஈரப் படுக்கை விரிப்புகளின் முனையைப் பிடித்து இழுத்து, சூடான இஸ்திரி உருளைக்குள் ஊட்டிவிட்டு வருகிற விரல்களுக்கு, போனில் எழுத்து எழுத்தாகக் குத்தத் தெம்பு கிடையாது. போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு பேசுவான், அது எழுதிக்கொள்ளும். வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசினால் அது திணறும். செய்தி வாசிக்கிறவர் மாதிரிப் பேசினால் சமர்த்தாக எழுதும். இந்தக் கதை சட்டையின் எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு நிற்பது அதனால்தான். ஆட்கள் வாயைத் திறக்கிற இடங்களை மட்டும் பிறகு கையால் திருத்தியிருக்கிறேன்.

ஆமாம், கொசு நான்தான். பிறகு ஏன் ‘அவன்’ என்கிறேன்? அது அக்கா செய்த ஏற்பாடு. ஒரு முறை குடும்பக் குழுவில், “இன்று எனக்கு உருளையில் கை சுட்டுவிட்டது” என்று எழுதிவிட்டேன். அம்மா அழுது, சாப்பிடாமல் கிடந்தாள். அக்கா போன் செய்தாள்.

“நான்னு எழுதாதடா. நான்னு எழுதினா அம்மா அழுவுறா. அவன்னு எழுது. அப்புறம் என்ன ஆச்சாம்னு கேப்பா.”

அடுத்த முறை “அவனுக்குச் சுட்ட கை ஆறி வருகிறது” என்று எழுதிப் பார்த்தேன். அம்மாவின் பதில் உடனே வந்தது: “யாரு அவன்? கண்ண எங்க வச்சிட்டு வேல செய்யுறானாம்?”

அன்றிலிருந்து அவன்தான்.

இனி இந்தக் கதை பிறந்த விதம். ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது ஒரு பொய்யில் பிறந்தது. தான் ஆடாத, யாரும் ஆட முடியாத, உலகத்தில் எந்தக் கடையிலும் இல்லாத ஒரு வீடியோ கேமைப் பற்றி கொசு மூன்று வாரம் தன் குடும்பத்துக்கு எழுதினான்.

2

வேறு தொடக்கங்களும் இருந்தன.

“கடல் அமைதியாக இருந்தது.” (அறையிலிருந்து கடல் தெரியாது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் ஏசி பெட்டிகள் தெரியும். அவை அமைதியாகவும் இல்லை.)

“ஓர் உழைப்பாளியின் ஓய்வு நேரம் என்பது—” (இதற்கு மேல் போகவில்லை. கீழ்க்கட்டிலில் இருக்கும் வெல்டர் சிரித்துவிட்டார். போன் அந்தச் சிரிப்பையும் எழுதப் பார்த்து, ‘ஹா’ என்று ஒன்றைப் போட்டுவிட்டுக் கைவிட்டது.)

உண்மையான தொடக்கம் அம்மாவின் கேள்வி. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் வழக்கம்போல, சாப்பிட்டியா, தூங்குனியா, இருமல் இருக்கா எல்லாம் முடிந்தபின் கேட்டாள்.

“என்ன பண்ணிட்டிருக்க?”

“சும்மாம்மா. கேம் ஆடிட்டிருக்கேன்.”

“என்ன கேமு?”

அவன் பிறந்ததிலிருந்து யாரும் கேட்காத கேள்வி அது. வீட்டில் எல்லா கேமுக்கும் ஒரே பெயர்தான். ‘எப்பப் பாரு அந்தக் கருமம்.’ நாற்பது ஐம்பது கருமங்களுக்கு அன்றுதான் தனித்தனியாகப் பெயரும் முகமும் கிடைத்தன. போனில் சொல்ல வெட்கப்பட்டு, “எழுதி அனுப்புறேன்மா” என்றான். எழுதினான். ஒவ்வொரு ஞாயிறும், அந்த வாரம் ஆடும் கேம்களைப் பற்றி அவனுடைய அபிப்பிராயங்கள். சிலவற்றை அப்படியே இங்கே ஒட்டுகிறேன்.

விவசாயக் கேம். நட்ட செடி நாலே நாளில் காய்க்கிறது. மழை முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிறது. ஆட்டைத் தினம் ஒரு தடவை தடவிக்கொடுக்க வேண்டும், மறந்தால் மனசு உடைந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காரணம் சொல்லாது. நாமே கண்டுபிடிக்க வேண்டும். முதல் அபிப்பிராயம்: அந்த ஆடு என் அக்கா. (அக்காவின் பதில்: ஒரு செருப்பின் படம்.)

லாரிக் கேம். வேலை முடிந்து வந்து சம்பளமில்லாமல் லாரி ஓட்டினான். ஈ காக்காய் இல்லாத நெடுஞ்சாலையில் சிவப்பு விளக்குக்கு நின்றான். திரும்புவதற்கு முன் இண்டிகேட்டர் போட்டான். வாழ்க்கையில் இவ்வளவு ஒழுக்கமாக அவன் எதையும் செய்ததில்லை. (வெல்டர் எட்டிப் பார்த்துச் சொன்னது: “ஒரு வேல முடிச்சிட்டு வந்து இன்னொரு வேல பாக்குற. மண்டைல எங்கயாச்சும் அடிபட்டுச்சாடா?”)*

பேய்க் கேம். சத்தத்தை அணைத்து, வெளிச்சத்தை முழுக்க ஏற்றி, வெல்டரை எழுப்பிப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு ஆடினான். அபிப்பிராயம்: பயமே இல்லை. (அம்மா: “அந்தப் பேய்க்கு என்ன கஷ்டமாம்?”)

கால்பந்துக் கேம். எதிரணியில் மாமா, அதாவது அக்காவின் கணவர். ஐந்துக்குப் பூஜ்யம். நெட் சரியில்லை என்றார். ஐந்து கோலுக்கும் தனித்தனியாகச் சொன்னார்.

குழுவில் இருப்பது அம்மா, அக்கா, மாமா, கொசு. அப்பாவிடம் இருப்பது பொத்தான் போன். ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன், தொடுதிரையைத் தொட மாட்டார், ஷாக் அடிக்கும் என்பதுபோல. அம்மா வாசித்துக் காட்டுவாள், அவர் அபிப்பிராயத்தை அவளே போட்டுவிடுவாள். “அப்பா சொல்றாரு, லாரிய இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் ஒதுக்கி ஓட்டட்டுமாம்.”

* வெல்டர் ஆடுவது ஒரே கேம்தான், குமிழி உடைப்பது. “இதுல கதையும் இல்ல, கருத்தும் இல்ல. ஒடைக்கிறோம், அவ்வளவுதான்” என்பார். அவரளவில் விமர்சனம் முடிந்தது.

3

சலவைக் கூடத்தில் சூப்பர்வைசர் தலையணை உறைகளைப் பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டே, டீயா காபியா என்று கேட்கிற குரலில் கேட்டார்.

“ஒப்பந்தம் முடியுதுல்ல? இன்னும் ரெண்டு வருஷம் கையெழுத்தா, இல்ல ஊருக்கு டிக்கெட்டா? மாசக் கடைசித் திங்கக்கிழம சொல்லிடு.”

கொசு “சரிங்க” என்றான். எதற்குச் சரி என்று அவனுக்கே தெரியவில்லை. கையில் பிடித்திருந்த விரிப்பு உருளைக்குள் கோணலாகப் போய் மடிந்துகொண்டு வந்தது. எதிர்முனையைப் பிடித்திருந்தவர் திட்டினார்.

[இந்த இடத்தில் அவன் மனநிலையை ஒரு பத்தி வர்ணித்திருந்தேன். அலை, பறவை எல்லாம் வந்தன. எடுத்துவிட்டேன்.]

சுருக்கமாக, வீட்டுக்குப் போனால் இடைஞ்சலாகிவிடுவோமோ என்று பயம். இங்கேயே இருந்தால் இல்லாதவனாகிவிடுவோமோ என்று பயம். ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும் என்று நினைத்தான். நான் வருவது அவர்களுக்கு வேண்டுமா?

கேட்டுவிடலாமே என்பீர்கள். எங்கள் வீட்டைத் தெரியாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டில் ஒருவரும் தனக்கு என்ன வேண்டும் என்று வாயைத் திறந்து சொன்னதில்லை. எதைக் கேட்டாலும் “உன் இஷ்டம்.” அக்காவுக்கு மாமாவைப் பார்த்தபோது, அப்பா “உன் இஷ்டம்மா” என்றார். அக்கா “உங்க இஷ்டம்ப்பா” என்றாள். இரண்டு இஷ்டங்களும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்துக்கொண்டு ஒரு வருஷம் நின்றன. கடைசியில் மாமா வீட்டிலிருந்து போன் வந்தது. “எங்க இஷ்டத்துக்கு ஒரு தேதி வச்சிட்டோம்.”

ஆனால் இதே ஆட்கள் கேம் விஷயத்தில் சர்வாதிகாரிகள். “அந்த ஆட்ட வித்த, அப்புறம் எங்கிட்டப் பேசாத” என்றாள் அம்மா. பேய் வீட்டில் எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்று அப்பா கட்டளை போட்டார். நிஜ மனிதர்கள் சம்பந்தப்பட்டால் வாயில் பூட்டு, பொம்மைகள் சம்பந்தப்பட்டால் ஊர்வலம்.

கொசுவுக்கு யோசனை வந்தது அப்படித்தான். தன்னைப் பொம்மையாக்கிவிட்டால்?

4

அந்த ஞாயிறு குழுவில் போட்டது:

“இந்த வாரம் ஆடுவது புதிய கேம். பெயர் கலங்கரை. ஒரு தீவு, அதில் ஒரு விளக்கு, விளக்குக்கு ஓர் ஆள். பொழுது சாய்ந்தால் விளக்கேற்ற வேண்டும், காலையில் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். தூரத்தில் கப்பல்கள் பத்திரமாகப் போகும். யாருக்கும் அவன் முகம் தெரியாது. அபிப்பிராயம்: சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை, துடைப்பதற்குக் கண்ணாடி நிறைய இருக்கிறது. பிடித்திருக்கிறது. இப்போது ஒரு சிக்கல். படகு ஒன்று வந்து நிற்கிறது. ஏறினால் வீட்டுக்குப் போகலாம், ஆனால் அத்தோடு கேம் முடிந்துவிடும். ஏறாவிட்டால் இன்னும் பல லெவல்கள், இன்னும் பெரிய விளக்கு. பொத்தான் மினுக்கிக்கொண்டிருக்கிறது. அவன் இன்னும் அழுத்தவில்லை. நீங்கள் சொல்லுங்கள், அழுத்துகிறேன்.”

வாசித்துப் பார்த்தால் எனக்கே அந்த கேமை ஆட வேண்டும்போல் இருந்தது. எழுத்தாளருக்கு இது கெட்ட அறிகுறி என்பார்கள்.

முதலில் கண்டுபிடித்தவர் வெல்டர்.

“கேம் சத்தமே கேக்கலையே. எதுல ஆடுற?”

“தலைக்குள்ளண்ணே.”

“பாத்து. சார்ஜ் தீந்துரப் போவுது.”

5

வீட்டிலிருந்து கேள்விகள் வந்து விழுந்தன. இந்தப் பகுதியை நான் எழுதவில்லை, அவர்கள்தான் எழுதினார்கள். நான் பின்னால் ஓடினேன்.

அம்மா: “சமையல் யாரு?”

அவனேதான்.

“தாடி இருக்கா?”

இருக்கிறது.

“எடுக்கச் சொல்லு. வீட்டுல யார் யாரு?”

இங்கேதான் கொசு சறுக்கினான். அநாதை என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் கதை தப்பித்திருக்கும். கற்பனை செய்யச் சோம்பல்பட்டு, “அம்மா, அப்பா, ஓர் அக்கா” என்று எழுதிவிட்டான். சொந்த வீட்டைத் தவிர வேறு வீடு தெரியாதவன் கதை எழுத வந்தால் இப்படித்தான்.

அப்பா வேறு வழியில் வந்தார். “அப்பா கேக்குறாரு, வெளக்கு எதுல எரியுது? ஜெனரேட்டரா? டீசல் யாரு கொண்டாந்து குடுக்குறா?” கொசு யோசித்து, சூரிய ஒளி என்றான். “அப்பா கேக்குறாரு, அப்ப ராத்திரிக்கு பேட்டரி எத்தன?” இல்லாத தீவுக்கு இல்லாத பேட்டரிகளைக் கணக்குப் போடுவதில் ஒரு மதியச் சாப்பாட்டு இடைவேளை முழுதாகப் போனது. அவன் சொன்ன எண்ணிக்கை போதாது என்று அப்பா திருப்பி அனுப்பினார்.

மாமாதான் பெரிய சேதம் செய்தார். கலங்கரையைத் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. தெரியவில்லை என்று சொல்ல மனம் வருமா? விளக்குப் படம் போட்ட வேறு ஏதோ ஒரு கேமை இறக்கி ஆடிவிட்டுக் குழுவில் போட்டார்: “நான் ஏழாவது லெவல் வரைக்கும் போயிட்டேன். ஆக்டோபஸ் வரும். உஷாரா இருக்கச் சொல்லு மாப்ள.”

வாசகர்களே, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆக்டோபஸை நான் வைக்கவில்லை. இது அமைதியான கதை. கண்ணாடி துடைக்கிற கதை. ஆனால் மாமாவைப் பொய்யர் என்று சொன்னால் நான் பொய்யன் என்பது வெளிவந்துவிடும். ஆகவே கொசு பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினான்: “ஆமாம், ஆக்டோபஸ் இருக்கிறது. ஆனால் சாது.”

அம்மா ஏற்கவில்லை. “ஆக்டோபஸ் இருக்குற எடத்துல புள்ளைய எதுக்குடா விட்டு வச்சிருக்க?”

‘புள்ளைய’ என்று எழுதியிருந்தாள். கொசு அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

6

அக்காவின் போன் வேலை இடைவேளையில் வந்தது. சலவைக் கூடத்தின் பின்பக்கம், காலி சோப்புத்தூள் டிரம் ஒன்றின்மேல் கொசு உட்கார்ந்திருந்தான்.

“டேய் கொசு. அந்த கேமு எந்தக் கடைல கெடைக்குது?”

“இங்க மட்டுந்தான்க்கா கெடைக்கும்.”

“ஓஹோ. ஏன்டா, அந்த வெளக்குக்காரனுக்கு எடது கைல சுட்ட தழும்பு இருக்குமோ?”

கொசு இடது கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டான். போனில் பார்க்க முடியாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

“எப்ப சொல்லணும்?” என்றாள் அக்கா. குரல் மாறியிருந்தது.

“திங்கக்கிழம.”

“லூசு. நேரா கேட்டாதான் என்ன?”

“கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“என்ன சொல்லுவோம், உன் இ—”

நிறுத்திவிட்டாள். பிறகு அவள் சிரித்தாள், அவனும் சிரித்தான். அக்கா சிரித்தால் மூக்கில் ஒரு சத்தம் வரும், அந்த விவசாயக் கேம் ஆட்டுக்கும் அதே சத்தம்தான். சிரிப்பு முடிந்ததும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் தொடர்ந்தது.

“சரி, நீ சொல்லுக்கா. ஏறலாமா?”

“நான் சொன்னா அது கள்ள ஓட்டுடா. எனக்குதான் கேமே இல்லன்னு தெரிஞ்சிடுச்சே. அவங்க சொல்லட்டும்.”

“அம்மாகிட்ட போட்டுக் குடுத்துடாத.”

“குடுப்பேனா? தெரிஞ்சா அந்த நிமிஷமே வாய மூடிக்குவா. அப்புறம் சாகுற வரைக்கும் அம்மா என்ன நெனச்சான்னு நமக்குத் தெரியாது.”

7

முடிவுகள் மூன்று தயாராக இருந்தன.

(அ) அம்மா ஏறச் சொல்கிறாள். விமான நிலையம். எல்லோரும் அழுகிறார்கள், மாமாகூட. (நம்ப முடியவில்லை. மாமா நெட் சரியில்லை என்றுதான் சொல்வார்.)

(ஆ) அம்மா இருக்கச் சொல்கிறாள். அவன் கண்கலங்கிக் கையெழுத்துப் போடுகிறான். விளக்கு முன்னைவிடப் பிரகாசமாக எரிகிறது. (வெல்டரிடம் வாசித்துக் காட்டினேன். “இப்படி ஒரு வெளக்க நம்ம அறையில மொதல்ல மாட்டச் சொல்லு. பல்பு போயி ஒரு மாசமாச்சு” என்றார்.)

(இ) ஆக்டோபஸ் படகைத் தின்றுவிடுகிறது. (மாமாவுக்குப் பிடிக்கும்.)

மூன்றும் குப்பைக்குப் போயின. ஏனென்றால் வியாழக்கிழமை அம்மாவின் குரல் செய்தி வந்தது. அவள் எப்போதும் எழுதத்தான் செய்வாள். இதைப் பேசி அனுப்பியிருந்தாள். பின்னால் மின்விசிறி சத்தம் கேட்டது. சொன்னபடியே போடுகிறேன்.

“கொசு, அப்பா சொல்றாரு, ஏறட்டும், ஆனா வெளக்க அணைச்சிட்டு ஏறக் கூடாதாம். மாத்து ஆள் ஒருத்தன வச்சிட்டுதான் எறங்கணுமாம். அது அவரு கணக்கு. நானும் ஏறட்டும்னுதான் சொல்ல வந்தேன். ஆக்டோபஸ் வேற இருக்கு. ஆனா ஒரு சந்தேகம்டா. அவன் வீட்டுல இருந்தப்ப எப்படி இருந்தான்னு நீ எழுதவே இல்லையே. கதவ சாத்திட்டு உள்ளயே கெடப்பானா? அவங்கம்மா தட்ட வாசல்ல வச்சிட்டு, தட்டிட்டுப் போயிடுவாளா? அந்தத் தீவுக்குப் போனப்புறந்தான் அவன் வாயே தொறந்தானோ என்னமோ. ஏறிட்டா கேமு முடிஞ்சிடும்ங்குற. முடிஞ்சிட்டா ஞாயித்துக்கெழம அவ எதப் படிப்பா? எறங்கி வீட்டுக்கு வந்தப்புறமும் அவன் பேசுவானாடா? அத மட்டும் பாத்துச் சொல்லு. அப்புறம் நான் சொல்றேன், ஏறணுமா வேண்டாமான்னு.”

அவ்வளவுதான். மின்விசிறி இன்னும் கொஞ்ச நேரம் ஓடியது. அணைக்கத் தெரியாமல் போனைக் கையில் வைத்திருந்திருக்கிறாள்.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதா? அக்கா சத்தியம் செய்கிறாள், தான் மூச்சு விடவில்லை என்று. நல்ல எழுத்தாளராக இருந்தால் இந்த இடத்தில் ஒரு குறிப்பு வைப்பார். என்னிடம் இல்லை. அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ, கேள்வி ஒன்றுதான்.

கதவு, தட்டு எல்லாம் நிஜம். ஏழு வருஷம். காதில் ஹெட்போன் இருக்கும். கதவு தட்டும் சத்தம் அதற்குள் விழாது. வெளியே வரும்போது தட்டு ஆறிப்போய் இருக்கும். அவன் அதை ஒரு கொடுமையாகச் செய்யவில்லை. பேச எதுவும் இல்லை என்று நினைத்தான், அவ்வளவுதான். இங்கே வந்து மேல்கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தபிறகு நிறுத்த முடியவில்லை.

8

கேமை உருவாக்கியவன் என்ற முறையில் பதில் சொல்ல வேண்டியது கொசுதான். படகு ஊர்க் கரைக்கு வந்தபின் அவன் எதையும் உருவாக்கி வைக்கவில்லை. திரை கறுப்பாகிப் பெயர்கள் ஓடும், அதோடு சரி. இன்று ஞாயிறு மதியம். நாளைக்குச் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். அதற்கு முன் அம்மாவுக்கு, அதற்கும் முன் அந்தக் கடைசி லெவலைச் செய்தாக வேண்டும்.

படுத்துக்கொண்டே செய்து பார்த்தான். முதல் நாள் சுலபம். எல்லோரும் எல்லாம் கேட்பார்கள், பெட்டியைப் பிரிப்பார்கள், மாமா ஆக்டோபஸைப் பற்றி விசாரிப்பார். இரண்டாம் நாள் தூங்கிவிடலாம். மூன்றாம் நாள் காலை. அப்பா வெளியே போயிருக்கிறார். மேசை. ஒரு தட்டு. எதிரில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், வாசலில் வைத்துவிட்டுப் போகாமல். இப்போது ஆடுகிறவன் பேசுகிற பொத்தானை அழுத்த வேண்டும்.

கொசு அழுத்தினான். அதாவது, வாயைத் திறந்தான்.

“அம்மா” என்று போன் எழுதியது.

பிறகு அந்தச் சின்னக் கோடு மினுக்கிக்கொண்டே இருந்தது.

கீழ்க்கட்டிலிலிருந்து வெல்டர் கேட்டார். “என்னடா, நெட்டு போயிடுச்சா?”

“இல்லண்ணே. இருக்கு.”

“அப்ப பேசு. நான் வேணா வெளிய போயிட்டு வரட்டுமா?”

செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு அவர் உண்மையிலேயே வெளியே போய்விட்டார். போகும்போது கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனார், காற்றுக்காக. இப்போது அறையில் வேறு யாரும் இல்லை. ஏசி பெட்டிகளின் இரைச்சல் இருக்கிறது.

முடிவு என்னிடம் இல்லை. ஒளித்து வைத்துக்கொண்டு நடிப்பதாக நினைக்க வேண்டாம். கையெழுத்தா டிக்கெட்டா என்பதை அம்மா சொல்வாள், சொல்லத் தயாராக இருக்கிறாள். எங்கள் வீட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ‘பேசுவான்’ என்று எழுதி அனுப்பிவிடலாம். ஏற்கனவே மூன்று வாரம் பொய் எழுதியாயிற்று. இதை மட்டும் பொய்யாக எழுத வரவில்லை.

இதை வாசிக்கிறவர்களில் எங்கேயோ போய் இருந்துவிட்டு வீடு திரும்பியவர்கள் இருப்பீர்கள். மூன்றாம் நாள், பெட்டியெல்லாம் பிரித்து முடிந்தபின், எதிரில் உட்கார்ந்திருந்தவரிடம் முதலில் என்ன பேசினீர்கள் என்று தயவுசெய்து எழுதி அனுப்புங்கள். பெரிதாக வேண்டாம், ஒரு வரி போதும். எனக்கு நாளைக் காலை ஏழு மணிக்கு ஷிப்ட். அதற்கு முன்னால் வந்தால் நல்லது.